பதவி விலகலும் காலியிடமும்: 1967 தென் சென்னை மக்களவை இடைத்தேர்தலை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

1967ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் தென் சென்னை மக்களவைத் தொகுதியில் வெற்றி பெற்ற சி.என். அண்ணாதுரை, சென்னை மாநிலத்தின் முதலமைச்சரானதை அடுத்து அவ்வுறுப்பினர் பதவியை விட்டு விலகினார். அதே ஆண்டில் நடைபெற்ற இடைத்தேர்தலில் முரசொலி மாறன் வெற்றி பெற்றார். திராவிட இயக்க வரலாற்று நூல்கள் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்து செல்லும் இந்நிகழ்வை, பதவி விலகலுக்கும் மக்களின் பிரதிநிதித்துவ உரிமைக்கும் இடையிலான உறவை விளக்கும் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. தென் சென்னையின் 1958, 1984 ஆகிய ஆண்டுகளின் நிகழ்வுகளும், இலங்கையின் காங்கேசன்துறை இடைத்தேர்தலும் (1975) ஒப்பீட்டிற்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. விலகும் உரிமை உறுப்பினருடையது. காலியிடத்தின் கால அளவைத் தீர்மானிக்கும் அதிகாரம் பிறருடையது. இவ்விரண்டிற்கும் இடையில் வாக்காளரின் உரிமையே பாதுகாப்பற்று நிற்கிறது என்பது கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: தென் சென்னை, இடைத்தேர்தல், பதவி விலகல், அண்ணா, முரசொலி மாறன், மாநில சுயாட்சி, காங்கேசன்துறை.

முன்னுரை

தமிழகத் தேர்தல் வரலாற்றில் இடைத்தேர்தல்கள் தனிக் கவனம் பெற்றவை. 1954ஆம் ஆண்டின் குடியாத்தம், 1969ஆம் ஆண்டின் நாகர்கோவில், 1973ஆம் ஆண்டின் திண்டுக்கல் ஆகியவை குறித்து விரிவாக எழுதப்பட்டுள்ளன. காமராசரின் தலைமைக்குக் கிடைத்த ஏற்பாகக் குடியாத்தமும், அவரது மீளெழுச்சியாக நாகர்கோவிலும், அ.தி.மு.க.வின் முதல் வெற்றியாகத் திண்டுக்கல்லும் நினைவுகூரப்படுகின்றன. இவ்வரிசையில் 1967ஆம் ஆண்டின் தென் சென்னைக்கு இடமில்லை. ஆளுங்கட்சி தன் வசமிருந்த தொகுதியைத் தக்கவைத்துக்கொண்டது என்பதற்கு மேல் அதில் சொல்வதற்கு ஒன்றுமில்லை என ஆய்வாளர்கள் கருதியிருக்கலாம்.

ஆயினும், ஒரு தேர்தலின் வரலாற்றுப் பொருளை அதன் முடிவு மட்டுமே தருவதில்லை. அத்தேர்தல் ஏன் தேவைப்பட்டது, யார் விட்டுச்சென்ற இடத்தை யார் நிரப்பினார், அவ்விடம் பின்னர் எதற்குப் பயன்பட்டது ஆகிய வினாக்களும் எழுப்பப்பட வேண்டியவை. அவ்வாறு நோக்கும்போது தென் சென்னை இடைத்தேர்தல், மாநில அரசியலுக்கும் தில்லி அரசியலுக்கும் இடையே தி.மு.க. வகுத்துக்கொண்ட பணிப்பிரிவினையின் தொடக்கப் புள்ளியாகத் தோன்றுகிறது.

தொகுதியும் அதன் அரசியல் பின்புலமும்

சென்னை நகரின் தென்பகுதி ஒரே தன்மை கொண்ட நிலப்பரப்பன்று. கோயிலையும் வழக்கறிஞர் குடும்பங்களையும் கொண்ட மயிலாப்பூர், நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரின் பெயரைத் தாங்கிய தியாகராய நகர், நெசவாளர் குடும்பங்கள் வாழ்ந்த சைதாப்பேட்டை ஆகியவை அடுத்தடுத்து அமைந்தவை. இவற்றிற்கு இடையில், மவுண்ட் ரோட்டின் (இன்றைய அண்ணா சாலை) இருபுறமும் அமைந்த நந்தனம், சுதந்திரத்திற்குப் பிந்தைய நகர விரிவாக்கத்தில் குடியிருப்புப் பகுதியாக வளர்ந்தது. 1961இல் உருவான வீட்டுவசதி வாரியத்தின் தலைமையகம் பின்னாளில் இங்குதான் அமைந்தது. அரசு ஊழியர், ஆசிரியர், சிறு வணிகர் எனப் பல்வகை வாக்காளர்கள் கலந்து வாழ்ந்த இத்தகைய பகுதிகளைக் கொண்ட தொகுதியை எந்த ஒரு சமூகத்தின் கோட்டையாகவும் கருத இயலாது.

1957ஆம் ஆண்டுத் தேர்தலில் இத்தொகுதியிலிருந்து காங்கிரசின் டி.டி. கிருஷ்ணமாச்சாரி மக்களவைக்குச் சென்றார். 1962இல் தி.மு.க.வின் நாஞ்சில் கி. மனோகரன் வெற்றி பெற்றார். அத்தேர்தலில் தி.மு.க. மாநிலச் சட்டமன்றத்தில் 50 இடங்களையும் மக்களவையில் 7 இடங்களையும் பெற்றது; அண்ணாவோ காஞ்சிபுரம் சட்டமன்றத் தொகுதியில் தோல்வியுற்று, பின்னர் மாநிலங்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1967இல் மனோகரன் வட சென்னைக்கு மாற, அண்ணா தென் சென்னையில் போட்டியிட்டார்.

1967: வெற்றியே உருவாக்கிய காலியிடம்

கட்சியின் தலைவர் சட்டமன்றத் தேர்தலில் போட்டியிடாமல் மக்களவைத் தேர்தலில் நின்றது கவனிக்கத்தக்கது. ஆட்சியைக் கைப்பற்றுவோம் என்னும் உறுதியான எதிர்பார்ப்பு கட்சியிடம் இருந்திருப்பின், முதலமைச்சராகக்கூடிய ஒருவர் சட்டமன்றத்தைத் தவிர்த்திருக்கக் காரணமில்லை. இராஜாஜியின் சுதந்திராக் கட்சி, மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சி, முஸ்லிம் லீக் உள்ளிட்ட கட்சிகளுடன் அமைந்த உடன்பாடு காங்கிரசைக் கடுமையாகப் பாதிக்கும் என்பது தெரிந்திருந்தது; அது காங்கிரசை வீழ்த்திவிடும் என்பது அந்த அளவிற்குத் தெளிவாக இருந்ததாகத் தோன்றவில்லை.

முடிவுகள் எதிர்பார்ப்பை விஞ்சின. 234 உறுப்பினர் கொண்ட சட்டமன்றத்தில் தி.மு.க. 137 இடங்களைப் பெற்றது. மக்களவையில் மாநிலத்தின் 39 இடங்களுள் 25 அக்கட்சிக்குக் கிடைத்தன. காங்கிரசுக்கு 3 மட்டுமே எஞ்சின. விருதுநகரில் காமராசரும் திருப்பெரும்புதூரில் முதலமைச்சர் பக்தவத்சலமும் தோற்றனர். நகரின் தென்பகுதியில் சைதாப்பேட்டையில் மு. கருணாநிதியும், தியாகராய நகரில் ம.பொ. சிவஞானமும், புறநகரான பரங்கிமலையில் எம்.ஜி. இராமச்சந்திரனும் வெற்றி பெற்றனர்.

1967 மார்ச் 6 அன்று அண்ணா முதலமைச்சராகப் பொறுப்பேற்றபோது அவர் சட்டமன்றத்தின் எந்த அவையிலும் உறுப்பினரல்லர். அரசமைப்பின் 164(4)ஆம் உறுப்பு, உறுப்பினரல்லாத அமைச்சர் ஒருவர் ஆறு மாதங்கள் தொடர்ந்து பதவி வகிக்க இடமளிக்கிறது. நாடாளுமன்ற உறுப்பினராக இருந்துகொண்டே முதலமைச்சராக இருப்பதையும் அது தடுக்கவில்லை. 101(2)ஆம் உறுப்பு தடுப்பது, நாடாளுமன்றத்திலும் மாநிலச் சட்டமன்றத்திலும் ஒருவர் ஒரே நேரத்தில் உறுப்பினராக இருப்பதை மட்டுமே. இந்த நுண்ணிய வேறுபாட்டின் விளைவைப் பின்னாளில் நாடு கண்டது. 1999 பிப்ரவரியில் ஒரிசா முதலமைச்சரான கிரிதர் கமாங், மக்களவை உறுப்பினர் பதவியை விடாமல் இருந்ததால் ஏப்ரல் 17 நம்பிக்கை வாக்கெடுப்பில் வாக்களித்தார். வாஜ்பாய் அரசு ஒரே வாக்கில் வீழ்ந்தது.

ஆகவே, அண்ணா பதவியேற்ற நாளிலேயே தென் சென்னை காலியாகிவிடவில்லை. ஆறு மாதக் கெடுவுக்குள் அவர் மாநில அவை ஒன்றில் உறுப்பினராக வேண்டியிருந்தது. அதற்காக மக்களவை இடத்தைத் துறக்க வேண்டியிருந்தது. அவர் சட்ட மேலவையின் உறுப்பினரானார். தென் சென்னை வாக்காளர்கள் ஒரே ஆண்டில் இரண்டாம் முறையாகத் தம் மக்களவை உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க அழைக்கப்பட்டனர். அவர்கள் பிப்ரவரியில் அளித்த வாக்கு வீணாகவில்லை என்றாலும், அளித்த நோக்கத்திற்கு அது பயன்படவுமில்லை. தில்லிக்கு அனுப்பியவரைக் கோட்டைக்கு விட்டுக்கொடுத்த தொகுதியாகத் தென் சென்னை அமைந்தது.

மூன்று முதலமைச்சர்கள், மூன்று வழிகள்

மக்களவை இடத்தைத் துறந்து முதலமைச்சரானவர் அண்ணா மட்டுமல்லர். 1952இல் திருவில்லிபுத்தூரிலிருந்து மக்களவைக்குச் சென்ற காமராசர், 1954 ஏப்ரலில் முதலமைச்சரானார். அதற்கு முன் 1952இல் முதலமைச்சரான இராஜாஜி தேர்தலில் நிற்காமல் மேலவைக்கு நியமிக்கப்பட்டவர். அந்நியமனம் எழுப்பிய கண்டனத்தின் நிழலில் பதவியேற்ற காமராசர், மேலவை என்னும் எளிய வழி திறந்திருந்தும் குடியாத்தம் சட்டமன்ற இடைத்தேர்தலில் மக்கள்முன் நின்றார்.

அண்ணா தேர்ந்துகொண்ட மேலவை வழி, இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. இராஜாஜியைப் போன்று அவர் மக்கள் வாக்கைத் தவிர்த்தவரல்லர். ஒரு பொதுத்தேர்தலில் தென் சென்னையில் வென்றவர். காமராசரைப் போன்று சட்டமன்ற இடைத்தேர்தலைச் சந்திக்கவுமில்லை. அவ்வாறு சந்தித்திருப்பின், புதிதாகத் தேர்வான சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் தம் இடத்தை விட்டுத்தர நேர்ந்திருக்கும். ஒரு பதவி மாற்றத்திற்காக இரண்டு தொகுதிகளில் இடைத்தேர்தல் நடந்திருக்கும். மேலவை அந்த இரண்டாம் காலியிடத்தைத் தவிர்த்தது. மேலவை 1986இல் நீக்கப்பட்டபின் தமிழகத்தில் அவ்வழி அடைபட்டது. மக்களவை உறுப்பினர் ஒருவர் இன்று முதலமைச்சராகும் சூழல் எழுந்தால், சட்டமன்றத்தில் காலியிடம் ஏதும் இல்லாத நிலையில் இரு தொகுதிகளின் வாக்காளர்கள் அதன் சுமையை ஏற்க வேண்டியிருக்கும்.

இத்தகைய இடமாற்றத்தை மேற்கு வங்கத்தில் காணலாம். 2011இல் முதலமைச்சரான மம்தா பானர்ஜிக்காகப் பவானிபூர் சட்டமன்ற உறுப்பினர் சுப்ரதா பக்ஷி விலகினார். மம்தா அங்கு இடைத்தேர்தலில் வென்றபின் துறந்த தெற்குக் கொல்கத்தா மக்களவை இடத்தை அதே பக்ஷி நிரப்பினார். இருவர் இடம் மாறிக்கொள்ள, இரு தொகுதிகளிலும் மக்கள் மீண்டும் வாக்களித்தனர்.

முரசொலி மாறனும் தில்லியில் தொகுதியின் குரலும்

இடைத்தேர்தலில் தி.மு.க. நிறுத்திய மாறனுக்கு அப்போது வயது முப்பதைக் கடந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. 1934இல் திருக்குவளையில் பிறந்த அவர், இதழாளராகவும் திரைக்கதை எழுத்தாளராகவும் அறியப்பட்டிருந்தார். சைதாப்பேட்டையின் சட்டமன்ற உறுப்பினரும் பொதுப்பணித் துறை அமைச்சருமான கருணாநிதியின் சகோதரி மகன் என்னும் உறவும் அவருக்கு இருந்தது. குடும்ப உறவு வேட்பாளர் தேர்வில் ஆற்றிய பங்கு குறித்துப் பின்னாளில் எழுந்த விமரிசனங்களை இங்கு விரித்துரைக்கத் தேவையில்லை. எனினும், கட்சியின் நிறுவனர் விட்ட இடத்தில் இளையவர் ஒருவர் நிறுத்தப்பட்டதும், வாக்காளர்கள் அவரை ஏற்றதும், அவ்விடம் தனிமனிதருக்குரியது என்பதைவிடக் கட்சிக்குரியது என்னும் எண்ணம் வலுப்பெற்றதைக் காட்டுகின்றன.

இதற்குச் சட்டப் பின்னணி ஒன்றும் உண்டு. 1963ஆம் ஆண்டின் பதினாறாம் அரசமைப்புத் திருத்தம், நாட்டின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாக வேட்பாளர்களே உறுதிமொழி ஏற்க வேண்டும் என்றது. தி.மு.க. பிரிவினைக் கோரிக்கையைக் கைவிட்டபின் சந்தித்த முதல் பொதுத்தேர்தல் 1967ஆம் ஆண்டினுடையது. எனவே, அண்ணாவும் அவரைத் தொடர்ந்து மாறனும் தென் சென்னையில் வேட்புமனு அளித்தபோது, கட்சியின் புதிய அரசியல் எல்லைக்குள் நின்றே அளித்தனர். பிரிவினை இல்லையெனில் தில்லியில் தமிழகம் கோருவது என்ன என்னும் வினாவிற்கு விடை தேடும் பொறுப்பு அந்த மக்களவை அணியின்மீது விழுந்தது.

1967 முதல் 1977 வரை தென் சென்னையின் உறுப்பினராக இருந்த மாறன், அவ்விடையை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர். மத்திய–மாநில உறவுகளை ஆராய 1969இல் அமைக்கப்பட்ட இராஜமன்னார் குழு 1971இல் அறிக்கை அளித்தது. 1974 ஏப்ரலில் சட்டமன்றம் மாநில சுயாட்சித் தீர்மானத்தை நிறைவேற்றியது. மாறனின் ‘மாநில சுயாட்சி’ நூலும் அதே ஆண்டில் வெளிவந்தது. முதலமைச்சராவதற்காக அண்ணா துறந்த இடத்திலிருந்து வந்தவரே, அம்முதலமைச்சர் பதவியின் அதிகார எல்லையை விரிவாக்கும் வாதத்தை நூலாக்கினார் என்பது தற்செயலாகவும் இருக்கலாம். ஆயினும் ஆட்சித் தலைமை சென்னையிலும், அவ்வாட்சிக்கான அதிகாரத்தைக் கோரும் குரல் தில்லியிலும் எனப் பணி பிரிந்தமை இத்தொகுதியின் வழியே தெளிவாகப் புலப்படுகிறது. இதன் எதிர்த்திசைப் பயணமாக 1969 நாகர்கோவில் இடைத்தேர்தல் அமைந்தது. மாநிலத்தில் இடமிழந்த காமராசர், உறுப்பினர் ஒருவரின் மறைவால் காலியான அத்தொகுதியின் வழியே மக்களவைக்குச் சென்றார்.

இடைத்தேர்தல் இல்லாத நிகழ்வுகள்: 1958, 1984

அரசியல்வாதி ஒருவரின் பதவி விலகல் அனைத்தும் இடைத்தேர்தலுக்கு இட்டுச்செல்வதில்லை. இதற்கும் தென் சென்னையே சான்று தருகிறது. ஆயுள் காப்பீட்டுக் கழகம் முந்திரா நிறுவனங்களின் பங்குகளை வாங்கியது குறித்து நீதிபதி சாக்ளா விசாரித்ததை அடுத்து, 1958 பிப்ரவரியில் டி.டி. கிருஷ்ணமாச்சாரி நிதியமைச்சர் பதவியிலிருந்து விலகினார். ஆனால் மக்களவை உறுப்பினர் பதவி வேறு. அதில் அவர் தொடர்ந்தார். அமைச்சரின் பொறுப்பு அவைக்கு; உறுப்பினரின் பொறுப்பு தொகுதிக்கு. முன்னது முறிந்தபோது பின்னது குறித்து மக்களின் கருத்து கேட்கப்படவில்லை.

1977இலும் 1980இலும் இத்தொகுதியில் வென்ற ஆர். வெங்கட்ராமன், 1984 ஆகஸ்ட் 31 அன்று குடியரசுத் துணைத் தலைவரானார். 66(2)ஆம் உறுப்பின்படி, அப்பதவியேற்கும் நாளிலேயே அவர் மக்களவை இடத்தை விட்டதாகக் கருதப்படும். அதே ஆண்டு டிசம்பரில் பொதுத்தேர்தல் வந்துவிட்டதால் இடைத்தேர்தல் நடைபெறவில்லை. பொதுத்தேர்தலில் வைஜயந்திமாலா பாலி வெற்றி பெற்றார். சில மாதங்கள் தென் சென்னைக்கு மக்களவையில் உறுப்பினர் இல்லை. அது பெரிதாக உணரப்படவில்லை என்பது, காலியிடத்தின் பாதிப்பு அதன் கால நீட்சியைச் சார்ந்தது என்பதை உணர்த்துகிறது.

காலத்தின் வினா: காங்கேசன்துறை

1967இல் இந்தியச் சட்டம் காலியிடத்திற்குக் கால வரம்பு எதையும் விதிக்கவில்லை. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 149ஆம் பிரிவு, மக்களவையில் ஏற்படும் காலியிடத்தை நிரப்பத் தேர்தல் ஆணையம் அறிவிக்கை வெளியிட வேண்டும் என்றது. எத்தனை மாதங்களுக்குள் என்று கூறவில்லை. தென் சென்னையில் அதே ஆண்டிலேயே தேர்தல் நடந்ததால் இக்குறை வெளிப்படவில்லை. கால வரம்பின்மை எதில் முடியக்கூடும் என்பதைத் தமிழர் அரசியலின் மற்றொரு களமான யாழ்ப்பாணக் குடாநாட்டில் காண இயலும்.

இலங்கையின் 1972 மே குடியரசு அரசமைப்பு, சோல்பரி அரசமைப்பில் சிறுபான்மையினருக்கு இருந்த 29ஆம் பிரிவுப் பாதுகாப்பை விடுத்து, பௌத்தத்திற்கு முதன்மை இடம் அளித்தது. அதனை ஏற்காத சா.ஜே.வே. செல்வநாயகம், அதே ஆண்டு அக்டோபரில் காங்கேசன்துறை உறுப்பினர் பதவியைத் துறந்தார். இடைத்தேர்தலில் மீண்டும் நின்று, அரசமைப்பு குறித்துத் தமிழ் மக்களின் தீர்ப்பைப் பெறுவதே அவர் நோக்கம். அண்ணாவின் விலகல் பதவி மாற்றத்தின் விளைவு. செல்வநாயகத்தின் விலகலோ தன்னளவிலேயே ஓர் அரசியல் வினா. அரசு அவ்வினாவிற்கு விடை கிடைக்கவிடாமல் தேர்தலைத் தள்ளிவைத்தது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கழிந்து, 1975 பிப்ரவரி 6 அன்றுதான் வாக்கெடுப்பு நடந்தது. செல்வநாயகம் 25,927 வாக்குகளும், அவரை எதிர்த்த கம்யூனிஸ்ட் கட்சியின் வி. பொன்னம்பலம் 9,457 வாக்குகளும் பெற்றனர். வென்றபின் செல்வநாயகம் அதனைத் தனியரசுக்கான ஆணையாக அறிவித்தார். 1976 மே மாதம் வட்டுக்கோட்டைத் தீர்மானம் வந்தது.

1972இல் அரசமைப்பைப் பற்றிய கேள்வியாகத் தொடங்கிய இடைத்தேர்தல், 1975இல் நடந்தபோது தனியரசைப் பற்றிய விடையாக மாறியிருந்தது. இம்மாற்றம் முழுமைக்கும் தாமதமே காரணம் எனக் கூறுதல் மிகையாகும். எனினும், அமைதியான வழியில் கேட்கப்பட்ட கேள்விக்கு உரிய காலத்தில் வாக்குப்பெட்டி மறுக்கப்பட்டது அதில் ஒரு பங்காற்றியது என்பதை மறுக்க இயலாது.

வாக்காளரின் இடம்

இந்தியாவில் 1996ஆம் ஆண்டுத் திருத்தம் 151அ பிரிவைச் சேர்த்து, காலியிடம் ஏற்பட்ட நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் இடைத்தேர்தல் நடத்தப்பட வேண்டும் என்றது. எஞ்சிய பதவிக்காலம் ஓராண்டிற்குக் குறைவாக இருந்தாலோ, உரிய காலத்தில் நடத்துவது கடினம் என மத்திய அரசுடன் கலந்து ஆணையம் சான்றளித்தாலோ மட்டுமே விலக்கு உண்டு. ஒருவர் இரண்டு தொகுதிகளுக்கு மேல் போட்டியிடலாகாது என்னும் வரம்பும் அதே திருத்தத்தில் வந்தது. இரண்டில் வென்று ஒன்றைத் துறப்பவர், இடைத்தேர்தல் செலவுக்கென ஒரு தொகையைச் செலுத்த வேண்டும் என 2004இல் தேர்தல் ஆணையம் மாற்றுவழியாக முன்மொழிந்தது. ஒரே தொகுதி போதும் என 2015இல் சட்ட ஆணையத்தின் 255ஆம் அறிக்கை பரிந்துரைத்தது. இவை சட்டமாகவில்லை.

இச்சீர்திருத்தங்கள் அண்ணாவின் வகைப்பட்ட விலகலைத் தொடுவதில்லை. அவர் ஒரே தொகுதியில் நின்றவர். வென்ற பிறகு மாநிலம் அவரை அழைத்தது. அத்தகைய அழைப்பைச் சட்டத்தால் தடுப்பது அறிவுடைமையாகாது. தடுக்கப்பட்டிருந்தால், 1954இல் காமராசரும் 1967இல் அண்ணாவும் முதலமைச்சராகியிருக்க இயலாது. இவ்வகையில் வாக்காளருக்கு எஞ்சும் பாதுகாப்பு இரண்டே: விரைவான இடைத்தேர்தல், அதில் மறுத்து வாக்களிக்கும் உரிமை. இரண்டாவது வெற்று உரிமையன்று. உத்தரப் பிரதேச முதலமைச்சரான யோகி ஆதித்யநாத், அண்ணாவைப் போலவே மேலவை வழியைத் தேர்ந்து, ஐந்து முறை வென்ற கோரக்பூரைத் துறந்தார். 2018 இடைத்தேர்தலில் அத்தொகுதி சமாஜ்வாதி கட்சிக்குச் சென்றது. தென் சென்னை வாக்காளர்கள் 1967இல் மாறனை ஏற்றதும், கோரக்பூர் வாக்காளர்கள் 2018இல் ஆளுங்கட்சி வேட்பாளரை மறுத்ததும் ஒரே உரிமையின் இரு வெளிப்பாடுகள்.

முடிவுரை

இவ்வாய்விலிருந்து பெறப்படும் முடிவுகள் வருமாறு. முதலாவதாக, 1967 தென் சென்னை இடைத்தேர்தல், எதிர்பாராத அளவில் கிடைத்த மாநில வெற்றியின் விளைவு. தலைமையை மாநிலத்திலும் கோரிக்கையைத் தில்லியிலும் நிறுத்திய தி.மு.க.வின் பணிப்பிரிவினை அதன்வழித் தெளிவுற்றது. இரண்டாவதாக, அண்ணாவின் விலகல் ஒரு காலியிடத்தோடு நின்றதற்குச் சட்ட மேலவையே காரணம்; அது இல்லாத இன்றைய தமிழகத்தில் அத்தகைய மாற்றம் இருமடங்கு சுமையைத் தரக்கூடும். மூன்றாவதாக, விலகலின் நோக்கத்தைப் போலவே காலியிடத்தின் நீட்சியும் இடைத்தேர்தலின் பொருளை மாற்றவல்லது என்பதைக் காங்கேசன்துறை மெய்ப்பிக்கிறது.

மக்களவையில் ஓர் இருக்கை காலியாக உள்ளது என்று குறிப்பேட்டில் எழுதப்படும்போது, நந்தனத்திலோ மயிலாப்பூரிலோ வாழும் இலட்சக்கணக்கானோரின் சார்பில் பேச ஒருவரும் இல்லை என்பதே அதன் பொருள். உறுப்பினரின் விலகும் உரிமைக்கும் கட்சியின் தேவைக்கும் அளிக்கப்படும் கவனம் இம்மக்களின் காத்திருப்புக்கும் அளிக்கப்படுமாயின், தமிழக இடைத்தேர்தல்களின் வரலாறு இன்னும் முழுமை பெறும். தொகுதி வாரியாகக் காலியிடங்களின் கால அளவைத் தொகுப்பது அத்திசையில் மேற்கொள்ளத்தக்க அடுத்த ஆய்வாகும்.